ஞாயிற்றுக்கிழமை சுட்டு, வெள்ளிக்கிழமை வரை

(நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது கல்லூரியின் மனையியற் கூடத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் செயலாளர் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்து, "அக்கா, நீங்கள் வரேக்க மனையியற் கூடத்தில ஏதாவது பிரயோசனமான விஷயம் ஒண்டு கதைக்க வேணும்" என்று கேட்டார். "வொஃபிள் சுடுவது பற்றிக் கதைக்கிறேன்" என்றேன். மற்றப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "ஒடியற் கூழ், கீரைப்பிட்டு எண்டு ஏதாவது எங்கட சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் மலரில போட நல்லா இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஒடியற் கூழ் பற்றி என்னைவிட நன்றாகக் கதைக்கக்கூடியவர்கள் இந்தக் கூடத்திலேயே இருபது பேர் இருக்கிறீர்கள். எனக்கு உண்மையாகத் தெரிந்தது, பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் செய்து வருவது, இந்த வொஃபிள்தான். தெரிந்ததைச் சொல்வதுதான் மரியாதை என்று பிடிவாதமாக வந்துவிட்டேன்.

மகளுக்கு மருத்துவமனையில் தாதி வேலை. காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கினால் இரவு ஏழு மணிக்கு முடியும். ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று போன நான், பிறகு அங்கேயே நின்றுவிட்டேன். போன புதிதில் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். என் பேரப்பிள்ளைகள் வீட்டில் சமைத்த காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். நாலரை மணிக்கு எழும்புவேன். பிட்டு அவிப்பேன், இல்லாவிட்டால் இடியப்பம் பிழிவேன். இடியப்ப உரலைப் பிழிந்து பிழிந்து வலது கை மணிக்கட்டு வீங்கியது. பிள்ளைகள் ஏழரைக்கு எழும்புவார்கள், எட்டேகாலுக்கு பஸ். அந்த முக்கால் மணித்தியாலத்தில் சப்பாத்தைத் தேட வேண்டும், தலை இழுக்க வேண்டும், சண்டை பிடிக்க வேண்டும். பிட்டை உருட்டி வாயில் வைத்தால் மூத்தவள் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவாள். ஒருநாள் வகுப்பு ஆசிரியை கடிதம் அனுப்பினார், பிள்ளை காலையில் சோர்ந்துபோய் மேசையில் படுக்கிறாள், வீட்டில் சாப்பிடுகிறாளா என்று கேட்டு.

அந்தக் கடிதத்தை மகள் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. குப்பைக்குள் போடப்பட்டிருந்ததை நானே கண்டெடுத்தேன். எனக்கு இங்கிலிஷ் படிப்பித்த ஆசிரியை இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவருடைய புண்ணியத்தில் முழுவதும் விளங்கியது. நாலரை மணிக்கு எழும்பி அவித்த பிட்டும், பட்டினியாய்ப் போன பிள்ளையும். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மூத்தவளைக் கேட்டேன், "உனக்கு என்ன வேணும், வாய் திறந்து சொல்லு." அவள் சொன்னது, கடையில் பெட்டியில் விற்கும் உறையவைத்த வொஃபிள். ரோஸ்ரரில் போட்டால் துள்ளி மேலே வரும், கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறலாம். அந்தப் பெட்டி வொஃபிளை 1953 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிராங்க் டோர்சா என்பவர் கடைகளுக்குக் கொண்டுவந்தார். எகோ என்ற பெயரில் இன்றைக்கும் விற்கிறது. ஒரு பெட்டி வாங்கி வந்து வாயில் வைத்துப் பார்த்தேன். இனித்த கடதாசி மாதிரி இருந்தது. ஆனால் அந்த யோசனை பிழையில்லை என்று விளங்கியது. ஒருநாள் சுட்டு வைத்து ஐந்து நாள் சாப்பிடலாம் என்றால், அதை நானே ஏன் சுடக்கூடாது?

எனக்கு இதில் முதலில் ஒரு வெட்கம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே செய்து வைப்பது சோம்பேறிப் பெண்ணின் வேலை என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். பழையதைச் சூடாக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று என் மாமி உயிரோடு இருந்தால் கேட்டிருப்பார். பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீடுகளில் அரிசி மாவை இடித்து, அரித்து, வறுத்து ரின்னில் அடைத்து வைப்பது என்ன? ஒடியலைக் காயவைத்து மாவாக்கி வைப்பது என்ன? 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அம்மா நகைப்பெட்டியோடு சேர்த்து எடுத்தது வறுத்த மா இருந்த ஒரு பிஸ்கட் ரின். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒன்பது நாள் எங்கள் காலைச் சாப்பாடு அந்த ரின்னிலிருந்துதான் வந்தது. சுடுதண்ணீர் ஊற்றிக் குழைத்து, சீனி இருந்தால் சீனி, இல்லாவிட்டால் உப்பு. அந்த மாவை வறுத்தது புரட்டாதி மாதத்தில். அம்மாவை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.

இனி மெஷினுக்கு வருகிறேன்.

வொஃபிள் என்பது இரண்டு சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் மாக்கரைசலை ஊற்றிச் சுடுவது. ஐரோப்பாவில் பல நூறு வருடங்களாக நீண்ட கைபிடி வைத்த இரட்டைத் தட்டை அடுப்புக்குள் நீட்டிச் சுட்டார்கள். ஒல்லாந்தர் அதை வாஃபெல் என்பார்கள். அமெரிக்காவில் கொர்னீலியஸ் ஸ்வோர்ட்வவுட் என்பவர் 1869 ஓகஸ்ட் 24 ஆம் திகதி அடுப்பின் மேல் வைத்துத் திருப்பக்கூடிய வொஃபிள் இரும்புக்குக் காப்புரிமை பெற்றார். மின்சார மெஷின் எல்லாம் அதற்குப் பிறகு. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795 வரை இங்கே இருந்தவர்கள். சிங்கள வீடுகளில் புதுவருடத்துக்குச் சுடும் கொக்கிஸ் என்ற பெயரே அவர்களுடைய மொழியில் பிஸ்கட்டுக்குச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நாங்கள் சுடும் அச்சுப் பலகாரமும் அதே மாதிரித்தான். அரிசி மா, தேங்காய்ப்பால், கொதிக்கும் எண்ணெய், ஒரு பூ அச்சு.

நான் முதன்முதலில் ஒரு பழைய சாமான் கடையில் எட்டு டொலருக்கு மெஷின் வாங்கிச் சுட்டபோது முழுக்க ஒட்டிப் பிடித்தது. மூடியைத் திறந்தால் பாதி மேலே, பாதி கீழே. இரண்டாவதும் அப்படி, மூன்றாவதும் அப்படி. மருமகன் கத்தியால் சுரண்டிக்கொண்டு, "மாமி, விட்டிட்டு பாண் வாங்குவம்" என்றார். அன்றிரவு படுக்கையில்தான் என் அப்பாச்சி நினைவுக்கு வந்தார். அச்சுப் பலகாரம் சுடும்போது எங்களை அச்சில் கைவைக்கவே விடமாட்டார். "அச்சு எண்ணெய்க்குள்ள கிடந்து சூடேற வேணும். சூடேறாத அச்சு மாவை விடாது" என்பார். நான் மெஷினை மின்சாரத்தில் செருகி இரண்டு நிமிடத்தில் மாவை ஊற்றியிருந்தேன். அடுத்த நாள் பத்து நிமிடம் வெறுமையாகச் சூடாக்கினேன். தூரிகையால் எண்ணெய் தடவினேன். ஒட்டவில்லை.

மாணவிகளே, மனையியல் கொப்பியில் எழுதிக்கொள்ள விரும்பினால் இப்போது எழுதுங்கள். ஒரு கிழமைக்கு, நாலு பேர் உள்ள வீட்டுக்கு நான் எடுக்கும் கணக்கு இது. கோதுமை மா 4 கோப்பை, அதாவது ஏறக்குறைய 500 கிராம். பேக்கிங் பவுடர் 2 மேசைக்கரண்டி. சீனி 2 மேசைக்கரண்டி. உப்பு 1 தேக்கரண்டி. இவற்றை ஒன்றாக அரித்துக்கொள்ளுங்கள். இன்னொரு சட்டியில் முட்டை 4, பால் மூன்றரைக் கோப்பை, உருக்கி ஆறவைத்த பட்டர் 1 கோப்பை. பட்டர் விலைக்கு எண்ணெயும் ஊற்றலாம், ருசி கொஞ்சம் குறையும், மொறுமொறுப்பு குறையாது. ஈரமானதை உலர்ந்ததற்குள் ஊற்றிக் கரண்டியால் பத்துப் பதினைந்து தரம் புரட்டினால் போதும். கட்டி கட்டியாய் இருக்கும், இருக்கட்டும். எங்கள் கை தோசை மாவுக்குப் பழகிய கை, கட்டியைக் கண்டால் விடாது, அடித்துக்கொண்டே இருக்கும். கோதுமை மாவை ஈரத்தோடு அதிகம் அடித்தால் அதிலுள்ள பசைத்தன்மை இறுகி, வொஃபிள் ரொட்டி மாதிரி இழுபடும். கலந்த பிறகு பத்து நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் மணிக்கணக்காக வைக்க வேண்டாம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடன் ஒருதரம் பொங்கும், சூடு பட்டவுடன் இன்னொருதரம் பொங்கும். மதியம் வரை வைத்தால் முதலாவது பொங்கல் வீணாகிவிடும்.

இந்தக் கணக்கில் நடுத்தர அளவு வட்ட மெஷினில் பன்னிரண்டு, பதின்மூன்று வரும். ஒன்று வேக நாலு நிமிடம், மெஷின் மீண்டும் சூடேற ஒரு நிமிடம். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே.

விளக்கு எரிகிறதே என்று உடனே மூடியைத் திறக்காதீர்கள். ஆவியைப் பாருங்கள். மூடியின் ஓரத்தால் ஆவி பறக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். ஆவி ஏறக்குறைய நின்ற பிறகுதான் வெளித்தோல் காய்ந்து மொறுமொறுக்கும். மூடியைத் தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள், தானாக விடும்.

அடுத்தது, எல்லோரும் விடும் பிழை. நானும் இரண்டு மாதம் விட்டேன். சுட்டதைச் சுடச்சுட ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்கிவிடுவோம், தோசை அடுக்குவது போல. தோசை மெத்தென்று இருக்க வேண்டும், அதனால் அதற்கு அது சரி. வொஃபிளை அடுக்கினால் ஒன்றின் ஆவி மற்றதில் தண்ணீராய்ப் படிந்து எல்லாம் சொதசொதத்துப் போகும். கம்பிச் சட்டத்தின் மேல் தனித்தனியாகப் பரப்புங்கள். கம்பிச் சட்டம் இல்லாவிட்டால் கழுவித் துடைத்த சுளகு போதும், நான் கொக்குவிலில் போன கிழமை அப்படித்தான் செய்தேன். அடியில் காற்றுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

முழுவதும் ஆறிய பிறகு தட்டில் ஒற்றை வரியாய் வைத்து பிறீசரில் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள். கல்லுப் போல ஆனதும் எடுத்துப் பொலித்தீன் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை அமத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். முதலே உறைந்தவை ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு மேல் இருந்ததில்லை. சாப்பிடும்போது இளக விடாமல் நேரே ரோஸ்ரரில் போடுங்கள். மைக்ரோவேவில் போட்டால் துணி மாதிரி வரும். ரோஸ்ரர் இல்லாத வீட்டில் தோசைக்கல்லை மெல்லிய நெருப்பில் வைத்து, எண்ணெய் விடாமல், பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.

இப்போது மூன்றாவது வரிசையில் என் வகுப்புத் தோழி முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. "கரண்ட் நிண்டால் என்ன செய்யிறது?" என்றுதானே? நல்ல கேள்வி. 2022 இல் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் நீங்கள் பட்ட பாட்டை நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தவள். நிறைந்த பிறீசரைத் திறக்காமல் விட்டால் இரண்டு நாள்வரை குளிர் நிற்கும், பாதி நிறைந்தது என்றால் ஒரு நாள். திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையும் வேண்டாம் என்றால் அம்மாவின் வழி இருக்கிறது. உலர்ந்த சாமான்களை மட்டும் நாலு கிழமைக்கு வேண்டிய அளவு கலந்து, காற்றுப் புகாத ரின்னில் அடைத்து வையுங்கள். காலையில் இரண்டு கோப்பை மா எடுத்து, முட்டை, பால், எண்ணெய் கலந்தால் ஐந்து நிமிட வேலை. மெஷினுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் அதே கரைசலைத் தோசைக்கல்லில் ஊற்றுங்கள். அதற்கு வொஃபிள் என்று பேர் இல்லை, ஆனால் பிள்ளை பசியோடு போகாது.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து யாராவது மெஷின் அனுப்பினால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் பாருங்கள். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. கனடா மெஷினை இங்கே நேரே செருகினால் அது மூன்றரை மடங்குக்கு மேல் சூட்டை இழுக்கும். பௌதிகவியல் படித்த தோழி ஒருத்தி கணக்குப் போட்டுக் காட்டினாள். நான் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டது மெஷின் ஒன்று புகைந்த பிறகு. இன்றைக்கு மேசையில் இருப்பது கொழும்பில் வாங்கி இங்கே இரவல் எடுத்தது.

பிட்டைக் கைவிட்டுவிட்டாயா என்று கேட்பீர்கள். அந்த வருத்தம் எனக்கும் இருந்தது. பிள்ளைகள் மேப்பிள் பாணியை ஊற்றிச் சாப்பிடும்போது என் மனம் கீரிமலையில் நிற்கும். அதனால் ஒரு நாள் கோதுமை மாவில் ஒரு கோப்பையைக் குறைத்து, வறுத்த சிவப்பரிசி மா ஒரு கோப்பை போட்டேன். பாலில் பாதிக்குத் தேங்காய்ப்பால், பட்டரைக் கொஞ்சம் குறைத்தேன். அரிசி மாவுக்குக் கோதுமையின் பசை இல்லை, அதனால் தோல் இன்னும் மொறுமொறுப்பாய் வந்தது. நான் அதைக் கட்டச் சம்பலோடு சாப்பிட்டேன். மருமகனும் சம்பலை எடுத்தார். பிள்ளைகள் பாணிதான். ஆனால் சின்னவன், "அம்மம்மா, இது பிட்டு வாசம்" என்றான். மூன்று கோப்பைக்கு ஒரு கோப்பைக்கு மேல் அரிசி மா போடாதீர்கள், உடையும். இரண்டுக்கு இரண்டு போட்டுப் பார்த்து உடைத்தவள் சொல்கிறேன்.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சுடும்போது மெஷின் ஒன்றுதான், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேறு வேலை இல்லை. மூத்தவள் குசினி வாங்கில் ஏறி இருந்து கதை கேட்பாள். விடுதியில் மணி அடித்து எழுப்புவது, வரிசையில் கோப்பையோடு நிற்பது, ஒருநாள் சம்பலுக்குள் நாங்கள் ஒளித்து வைத்த மிளகாய், மேற்றன் அம்மாவின் செருப்புச் சத்தம். ஆரம்பத்தில் நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலிஷில் பதில் சொல்வாள். பன்னிரண்டு வொஃபிள், பன்னிரண்டு ஐந்து நிமிடம், ஒவ்வொரு கிழமையும். எப்போது மாறினாள் என்று எனக்கே தெரியாது. இப்போது அவளுக்குப் பதினேழு வயது. நான் இங்கே புறப்பட முன் ஞாயிற்றுக்கிழமை அவளே தனியாகச் சுட்டாள். நான் கதிரையில் இருந்தேன். "அம்மம்மா, ஆவி இன்னும் வருது, பொறுங்கோ" என்று எனக்கே சொன்னாள்.

மகள் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வருவாள். பிள்ளைகள் போயிருப்பார்கள். உடுப்பும் மாற்றாமல் ரோஸ்ரரில் இரண்டைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே நிற்பாள். முன்பு அந்த நேரத்தில் அவள் ஒன்றும் சாப்பிடாமல் படுப்பது எனக்குத் தெரியாது. நான் பேரப்பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கேயும் ஆறு மணிக்கு பஸ் பிடித்துத் தூரப் பள்ளிக்கூடங்களுக்குப் படிப்பிக்கப் போகும் பழைய மாணவிகள் பலர் இருக்கிறீர்கள். பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வெறுந்தேத்தண்ணியோடு ஓடுகிறீர்கள் என்று நேற்று இரவுச் சாப்பாட்டில் கதைத்துக்கொண்டோம். வொஃபிள்தான் சுட வேண்டும் என்றில்லை. ரொட்டியையும் அரை வேக்காட்டில் சுட்டு ஆறவைத்து இதே மாதிரி வைக்கலாம். எண்ணிச் சுடும்போது உங்களுக்கும் இரண்டைச் சேர்த்து எண்ணுங்கள்.

செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். மெஷினைப் பத்து நிமிடத்துக்கு முன்பே செருகச் சொன்னேன், விளக்கு வந்துவிட்டது. சிவப்பரிசி மாக் கரைசல் இந்தச் சட்டியில், வெள்ளை இந்தச் சட்டியில். சம்பல் இடித்தது விடுதிப் பிள்ளைகள், அதனால் உறைப்பைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் ஆசிரியைகள் முதலில் வாருங்கள். இரவல் மெஷின், முதலாவது ஒட்டத்தான் போகிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.